அடகுக்கு வந்த காற்று மிஷின்

பதினோராயிரத்து நானூற்று ஐம்பது. பஞ்சர் ஒட்டுகிற தம்பி எனக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு.

கொடுத்தது பதினைந்தாயிரம். அவன் மனைவிக்குப் பிரசவத்தில் சிக்கலாகி, உடனே பணம் கட்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது ஓடி வந்து எங்கள் வாசலில் நின்றான். ஒழுகாத வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டலாம் என்று நானும் என் மனைவியும் அரிசி டின்னுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். முதல் சில மாதம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தான். பிறகு இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். அதற்கும் பிறகு, நான் தெருவில் வருவது தெரிந்தாலே குனிந்து, இல்லாத ஆணியை டயரில் தேட ஆரம்பித்தான்.

நான் குடோனில் மூட்டை தூக்குகிறவன். ஐம்பது வயதைத் தாண்டி, ஆலயத்தில் சாயங்காலம் நடந்த வகுப்பில் எழுத்துப் படித்தேன். அன்றிலிருந்து கூட்டாளிகளுக்கு நான் வாத்தியார். அகரம் எழுதியதற்கே பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

"வாத்தியாரே, நீ பாடம் நடத்தினா அவன் பணம் தரமாட்டான்" என்றார் எங்கள் மேஸ்திரி. "பொருளைத் தூக்கிட்டு வா. பொருள் உன் வீட்டுக்கு வந்துட்டா பணம் தன்னால பின்னாடி நடந்து வரும்."

அவனிடம் பொருள் என்று இருந்தது ஒன்றே ஒன்று. காற்று அடிக்கிற மிஷின். மோட்டாரும் இரும்புத் தொட்டியும் ஒரே சட்டத்தில் பூட்டியிருக்கும். அதனால்தான் தெருவில் எல்லோரும் அவனைக் காத்து என்று கூப்பிடுவார்கள். நான் போய்க் கேட்டதும் மறு பேச்சுப் பேசவில்லை. ஒயரைச் சுருட்டி வைத்துக் கொடுத்தான். "வண்டி பிடிக்கட்டாண்ணே?" என்று வேறு கேட்டான். மூட்டை தூக்குகிறவனுக்கு வண்டி எதற்கு? கூலி மிச்சம் என்று நானே முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். ஒரு மூட்டை கனம்கூட இருக்காது. ஆனால் மூட்டை முதுகுக்கு இசைந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது. என்றைக்கும் இல்லாத மாதிரி அன்றைக்கு மூச்சை அடக்கித் தூக்கினேன்.

சாயங்காலம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அடிவயிற்றில், வலப்பக்கம், எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம்.

"குடல் இறங்கியிருக்கு" என்றார் டாக்டர். மிஷினைத் தூக்கினதாலா என்று கேட்டேன். "முப்பது வருஷமா தூக்கினதால. மிஷின் கடைசி மூட்டை, அவ்வளவுதான்." படுத்தால் உள்ளே போய்விடும், நின்றால் வெளியே வரும். உள்ளே போகாமல் நின்றுவிட்டால்தான் ஆபத்து, அப்போது தள்ளிப்போட்டால் உயிருக்கே வினை என்றார். அவருடைய இடத்தில் ஆபரேஷனுக்குப் பன்னிரண்டாயிரம். பெரிய ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் வரிசை ஆறு மாதம் நீளும். அங்கேயும் பெயரைக் கொடுத்து வைத்தோம்.

அன்றிலிருந்து என் வலது கை என் வயிற்றை விட்டு அகலவில்லை. இருமினால் கை போகும், தும்மினால் கை போகும். ராத்திரி புரண்டு படுத்தால் என்னைவிட முன்னால் என் மனைவியின் கை அங்கே போய்த் தொட்டுப் பார்க்கும். "உள்ள போயிடுச்சு, தூங்குங்க" என்பாள்.

டயர்க்கடைக்காரர் வந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. புது டயர் விற்கிறவர், பெரிய கடை. "பெரியவரே, மிஷின் உங்க கட்டிலுக்கு அடியில சும்மாதானே கிடக்கு? பன்னிரண்டாயிரம் தர்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியோட வர்றேன்" என்றார். கணக்குச் சரியாக இருந்தது. கடனும் தீரும், கட்டணமும் கட்டலாம். வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, வழக்கம்போல பைபிளை எடுத்து உட்கார்ந்தேன். எழுத்து வந்த நாளிலிருந்து முதல் பக்கத்தில் ஆரம்பித்து ஒரு வரி விடாமல் படிக்கிறேன். நடுவில் தாண்டினால் சுமைக்கணக்கில் மூட்டையை விட்ட மாதிரி எனக்கு உறுத்தும். விரலை வைத்து நகர்த்தி நகர்த்தி ஐந்தாவது புத்தகமான உபாகமத்துக்கு வந்திருந்தேன். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சிறு வயதிலிருந்து காதால் கேட்டே எல்லாம் மனப்பாடம். நான் தடுமாறினால் அடுத்த வார்த்தையை அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள்.

அன்றைக்கு வந்த இடம் இது. மாவு அரைக்கிற கல்லை யாரிடமும் அடகாக வாங்கக் கூடாது, அடிக்கல்லையும் கூடாது, மேல்கல்லையும் கூடாது. அது அந்த மனிதனுடைய உயிரையே அடகு வாங்கியதாகும்.

என் விரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

"எழுத்து மங்கலா இருக்கு."

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கும்." அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். எங்கள் கண் இரண்டும் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு அது அங்கே படுத்திருந்தது.

"கல்லுன்னுதானே எழுதியிருக்கு?" என்றாள். "மிஷின்னு எழுதலையே."

"அந்தக் காலத்துல மிஷின் ஏது?"

"அப்ப அது அந்தக் காலத்துக்கு. விடுங்க."

"அப்படி விட்டா நாம எதைத்தான் பிடிச்சுக்கிறது?"

அவள் குரல் உடைந்தது. "நாம என்ன அநியாய வட்டியா வாங்கினோம்? நம்ம காசு. வயித்தைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தது. அவன் பிள்ளை பிறக்கிறதுக்குக் குடுத்தோம். இப்ப உங்க குடல் உள்ள போகாம நின்னுடுச்சுன்னா, அந்தக் கல்லா வந்து உங்களைத் தூக்கிட்டு ஓடும்?"

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. புத்தகத்தை மூடினேன். தூக்கம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் யாரோ மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து, வேண்டுமென்றே அவன் கடை வழியாக வந்தேன். கடை என்றால் நாலு கம்பும் ஒரு தகரமும். ஒரு சைக்கிள்காரனுக்குக் கால்பம்பில் மிதித்து மிதித்துக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"டேய் காத்து, காத்து இருக்கா?"

"மிஷின் இல்லண்ணே. கால்பம்புல அடிக்கட்டா?"

"ஆட்டோவுக்கா? நீ அடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பிறந்துடுவான்." ஆட்டோக்காரன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அடுத்து வந்த வேன் நிற்கக்கூட இல்லை.

என்னைப் பார்த்ததும் இந்தத் தடவை அவன் குனியவில்லை. டப்பாவைக் கவிழ்த்து விழுந்ததைப் பொறுக்கிக் கொண்டுவந்து நீட்டினான். நாற்பது. "இன்னிக்கு இவ்வளவுதாண்ணே. மிஷின் இல்லாததால..." என்று ஆரம்பித்தவன், குறை சொன்னதாகிவிடுமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டான். தகரத்து நிழலில் குழந்தை அழுதது. அவன் மனைவி தண்ணீரைத் தொட்டு அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்பதை நான் வாங்கிக்கொண்டேன். கை நீண்டுவிட்டது. வீடு வரைக்கும் அந்தக் காசு உள்ளங்கையில் வேர்த்தது. பணம் பின்னாலேயே நடந்து வரும் என்றார் மேஸ்திரி. நடக்கிற காலை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன், பிறகு எப்படி நடந்து வரும்? என் வயிற்றுக்காக அவன் வயிற்றில் அடித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் டயர்க்கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாசலில் வண்டி நின்றது. பணத்தை நீட்டினார். என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பொருள் என்னோடது இல்லீங்க" என்றேன். "அடகுக்கு வந்தது. விற்க எனக்கு உரிமை இல்லை."

"அன்னிக்கு இருந்த உரிமை இன்னிக்கு எங்க போச்சு?"

"அன்னிக்கு நான் அந்தப் பக்கம் வரைக்கும் படிக்கலை."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆபரேஷனை வச்சுக்கிட்டு இப்படிப் பேசற ஆளை நான் பார்த்ததே இல்லை. இவருக்கு இறங்கினது குடல் இல்லைம்மா, மூளை" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், அது முடியவில்லை.

திருப்பிக் கொடுப்பதற்கும் எனக்குத் தூக்க வலு இல்லை. மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"அடகுப் பொருளைத் திருப்பிக் குடுக்கப் போறியா? பணம் வந்துடுச்சா?"

"இல்லை."

"சரியாப் போச்சு. பனைமரத்துல ஏறினவன் பாதியில கையை விட்ட கதை. இதுக்குக் கூலி யார் தர்றது, அந்தக் கர்த்தரா?" திட்டிக்கொண்டே சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாக்கு மூடிய சுமையோடு நாங்கள் மூன்று பேர் வருவதைப் பார்த்ததும் காத்து எழுந்து பின்வாங்கினான். மீதிப் பணத்துக்காக அவனை அடிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான். "அண்ணே, அந்தக் கால்பம்பையும் எடுத்துக்குங்க. பிள்ளைக்கு முன்னாடி வேண்டாம்ணே" என்றான்.

"அடச்சீ, தள்ளு. கால்ல விழுந்துடப் போகுது" என்று மேஸ்திரி மிஷினைப் பழைய இடத்தில் இறக்கினார்.

"தம்பி" என்றேன், "மிஷின் உன்னோடது. இனி யார் கேட்டாலும் குடுக்காதே. நான் கேட்டாலும் குடுக்காதே. கடன் கடன்தான். முடிஞ்சபோது முடிஞ்சதைக் குடு."

அவன் ஒயரைச் சொருகினான். மிஷின் இருமி, உதறி, ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டருக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினோம்.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? இடுப்பில் ஒரு பெல்ட். குடோனில் கிழிந்த சாக்கைத் தைக்கிற வேலை, பாதிப் பங்கு. "வாத்தியார் தையக்காரர் ஆயிட்டாரு, எனக்கு ஒரு சட்டை" என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்தப் பாதிப் பங்கே அவரவர் கூலியிலிருந்து கிள்ளி எடுத்ததுதான், எனக்குத் தெரியும். வீக்கம் எலுமிச்சம்பழத்திலிருந்து கோழிமுட்டை ஆயிற்று. குனியப் பயம், நிமிரப் பயம், மலச்சிக்கல் வந்தால் பெரும் பயம். என் மனைவி மறுபடியும் பேச ஆரம்பித்தாள், ஆனால் ராத்திரியில் அவள் கை தொட்டுப் பார்ப்பது மட்டும் அதிகமாயிற்று. "பெரிய ஆஸ்பத்திரியில நம்ம முறை வர்றதுக்குள்ள..." என்று ஆரம்பித்து முடிக்கமாட்டாள்.

காத்து தினமும் பொழுது சாயும் நேரத்துக்கு வருவான். சில நாள் நூறு, சில நாள் எழுபது. என் கையில் கொடுக்கமாட்டான், அண்ணி கையில்தான். கொடுத்துவிட்டு என் வயிற்றைப் பார்ப்பான், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள், மிஷினைத் தூக்கித்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்று. கடன் ஏழாயிரத்து அறுநூறுக்கு இறங்கியது.

ஒரு நாள் மத்தியானம். அடுக்கின் மேலே இருந்து ஒரு மூட்டை நழுவியது. கீழே சாக்குத் தைத்துக்கொண்டிருந்த நான் யோசிக்கவே இல்லை, முப்பது வருஷப் பழக்கம், எழுந்து தோளைக் கொடுத்துவிட்டேன். தாங்கியது தோள்தான். விட்டுக்கொடுத்தது வயிறு. படுத்தேன், போகவில்லை. அமுக்கினேன், போகவில்லை. கல் மாதிரி நின்றது. குமட்டிக்கொண்டு வந்தது.

"தூக்குடா" என்று மேஸ்திரி கத்தியது கேட்டது. மூட்டையைத் தூக்குகிற மாதிரியே என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பஞ்சர் கடையில் ஒரு ஆட்டோ காற்று அடிக்க நின்றிருந்தது. காத்து குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏறினான். வழி முழுவதும் "அண்ணே, முழிச்சுக்கிட்டே இருங்க" என்றான். அவன் பயந்த பயத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில், வரிசையும் கேட்கவில்லை, முறையும் கேட்கவில்லை. அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா" என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னாராம். மீதியை அவள் எனக்குச் சொல்லவே இல்லை.

நாலு நாள் கழித்து, மத்தியானம், காத்து வார்டுக்கு வந்தான். கட்டில் ஓரத்தில் நின்று, சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மனைவி கையில் வைத்தான்.

"மொத்தமும் இருக்கு அண்ணி. ஏழாயிரத்து அறுநூறு. எண்ணிப் பாருங்க."

அவள் எண்ணினாள். எண்ண எண்ண அவள் முகத்தில் ரத்தம் ஊறுவதை நான் பார்த்தேன். மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாடகை, மருந்து, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்தப் பொட்டலம்தான் பதில். "கர்த்தர் கண்ணைத் திறந்துட்டார்" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவன் கையைப் பார்த்தேன். எப்போது பார்த்தாலும் முழங்கை வரைக்கும் கறுப்பாக இருக்கிற கை. வேலை நாள், மத்தியான நேரம், நகக்கண்கூட வெளுத்துக் கிடந்தது.

"இன்னிக்குக் கடை இல்லையா தம்பி?"

"இருக்குண்ணே. சும்மா, உங்களைப் பார்க்கலாம்னு..."

"மிஷின் எங்க?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். என் மனைவி எண்ணிய பணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, அண்ணன் கேட்கிறார்ல" என்றாள்.

"டயர்க்கடையில வச்சிருக்கேன் அண்ணி. எட்டாயிரத்துக்கு. முதல் மாச வட்டி நானூறைப் பிடிச்சுக்கிட்டுக் குடுத்தாரு. மூணு மாசத்துல மீட்டுடுவேன்."

"எதை வச்சு மீட்பே?" என்றேன்.

"என்னாலதானே அண்ணே உங்களுக்கு இப்படி ஆச்சு" என்று மட்டும் சொன்னான்.

எனக்குத் தையல் போட்ட இடம் சுரீரென்றது. மிஷினைத் திருப்பிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மாட்டை அவிழ்த்துவிட்டேன், கயிற்றை அவன் கழுத்திலேயே விட்டுவிட்டேன். கடன் என்கிற அந்தக் கயிறு கிடக்கிற வரைக்கும் அந்த மிஷின் என் கட்டிலுக்கு அடியில் போகும், இல்லையென்றால் டயர்க்கடைக்குப் போகும். அவன் கடையில் நிற்காது.

ஆனால் வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போன தடவை நான் சொன்னதற்கு அவள்தான் அழுதாள். ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து தொட்டுப் பார்த்ததும் அவள்தான். பணம் இப்போது அவள் கையில் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பணத்தைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், மறுபடியும் பணத்தைப் பார்த்தாள்.

"பிள்ளை பால் குடிக்குதா?" என்று திடீரென்று கேட்டாள்.

"குடிக்குது அண்ணி. தவழுது இப்ப."

அவள் மூக்கை உறிஞ்சினாள். நோட்டுகளை அடுக்கி, பழையபடி பொட்டலமாகக் கட்டினாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று அதில் ஐந்நூறு வைத்திருந்தாள், எனக்குத் தெரியும். ஒரு நூறை மட்டும் திருப்பி முடிந்துகொண்டு நானூறைப் பொட்டலத்தோடு சேர்த்து அவன் கையில் திணித்தாள்.

"அண்ணி, என்ன இது? கடனு..."

"கடனும் இல்லை, ஒண்ணும் இல்லை. தீர்ந்தது. இனிமே பொழுது சாயுற நேரத்துக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னே, விளக்குமாறு பிய்ஞ்சுடும்."

அவன் என்னைப் பார்த்தான்.

"அண்ணி சொல்லிட்டா. அப்புறம் நான் யாரு?" என்றேன்.

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். வெளுத்த கை, அவனுடையது மாதிரியே இல்லை. அழவும் விடாமல் அவள் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

"அங்க நின்னு என்ன பண்றே? மிஷினும் கல்லுதான். ஓடு. டயர்க்கடைக்காரர் பொழுது சாஞ்சதும் கடையை அடைச்சுடுவாரு, அதுக்குள்ள மீட்டுடு."